நானூற்று ஆறா, நானூற்று ஏழா?

மண்டபம்,
ஜூலை 2025

அன்புள்ள மச்சானுக்கு,

உன் கடிதம் வந்து இருபது நாளாகிவிட்டது. பதில் தாமதமானதற்குக் காரணம் பேரன். சிங்கப்பூரில் ஜூன் மாதம் பள்ளி விடுமுறை, முழு மாதமும் இங்கேதான் இருந்தான். போன வாரம் கிளம்பினான். வீட்டில் செருப்புச் சத்தம் கூட இல்லை.

நீ கேட்ட ரயில் சங்கதியை முதலில் சொல்லிவிடுகிறேன். ஏப்ரல் 6ஆம் தேதி புதுப் பாம்பன் பாலம் திறந்தாகிவிட்டது. 2022 டிசம்பரில் நின்ற ரயில் மறுபடி ராமேசுவரம் வரை போகிறது. கப்பல் வந்தால் நடுப்பகுதி அப்படியே லிஃப்ட் மாதிரி மேலே எழும்புகிறது. 1914ஆம் வருஷத்துப் பழைய பாலம் இரண்டு கையையும் விரிக்கிற மாதிரி விரியுமே, அந்த அழகு இதில் இல்லை. ரயில் வேகமாகப் போகிறது, அதுவரை சரி. உன் முட்டி எப்படி இருக்கிறது? மாடி ஏறுகிறாயா?

இனி உன்னிடம் ஒரு மன்னிப்பு, ஒரு பஞ்சாயத்து.

பேரன் அங்கே ‘ஜியோகேஷிங்’ என்று ஒரு விளையாட்டு விளையாடுகிறானாம். யாரோ ஒருவர் ஒரு டப்பாவை எங்காவது ஒளித்து வைத்துவிட்டு, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை மட்டும் சொல்வார். போனை வைத்துக்கொண்டு தேடிக் கண்டுபிடித்து, உள்ளே இருக்கும் நோட்டில் பெயர் எழுதிவிட்டு, டப்பாவை இருந்த இடத்திலேயே வைத்துவிட வேண்டும். ஜி.பி.எஸ். சிக்னலில் அமெரிக்கா வேண்டுமென்றே கலந்து வைத்திருந்த பிழையை 2000ஆம் வருஷம் மே 2ஆம் தேதி எடுத்துவிட்டது. மறுநாளே டேவ் அல்மர் என்பவர் ஓரிகன் மாகாணத்துக் காட்டோரம் ஒரு வாளியைப் புதைத்தார். அங்கே ஆரம்பித்ததுதான் இது. இதில் புதிர் வகை ஒன்று உண்டு. கொடுத்த எண் பொய், புதிரை அவிழ்த்தால்தான் உண்மையான எண் கிடைக்கும். அவனுக்கு அதுதான் உயிர். “தாத்தா, எனக்கு ஒண்ணு வைங்க” என்று மூன்று நாள் பிடுங்கி எடுத்தான்.

எங்கே வைப்பது சொல்லு. கடற்கரையில் டேப் சுற்றின டப்பா ஒன்று கல்லுக்கடியில் கிடந்தால் நம்ம ஊரில் அதை மிட்டாய் டப்பா என்று எவன் நினைப்பான்? தங்கம் என்றுதான் நினைப்பான். தீவுப் பக்கம் போகவே கூடாது, அது தேசியப் பூங்கா. யோசித்து யோசித்து, வேதாளையில் உங்க வாப்பாவின் பனந்தோப்பில், கிணற்றுக்கு மேற்கே இருக்கும் பனையடியில் கருக்கு மட்டைகளை அடுக்கி அதற்குள் வைத்துவிட்டேன். நிலத்துக்காரரிடம் கேட்டுத்தான் வைக்க வேண்டும் என்பது அந்த விளையாட்டின் முதல் விதியாம். அதைப் பேரன் எனக்குச் சொன்னது கடைசியில். மன்னிப்பு இதற்குத்தான்.

புதிருக்கு மிட்டாயைப் பிடித்தேன். அவன் தின்று போடும் மிட்டாய் உறைகளின் பின்பக்கம் எறும்பு எழுத்தில் எண்கள் இருக்கும், பார்த்திருக்கிறாயா? நிறம், மெழுகு, கெட்டியாக்கும் பொருள் எல்லாவற்றுக்கும் பெரும்பாலும் மூன்று இலக்கம். வெளிநாட்டு உறையில் ‘ஈ 904’ என்று போடுவான், நம் நாட்டில் ‘ஐ.என்.எஸ். 904’. “என்னடா இது, உச்சிப்புளியில் இருக்கிற ஐ.என்.எஸ். பருந்து மாதிரி இன்னொரு கடற்படைத் தளமா?” என்று நான் கேட்டதற்கு அவன் சிரிக்கவில்லை. நீயாவது சிரி.

அட்சரேகையில் கடைசி மூன்று இலக்கம், தீர்க்கரேகையில் கடைசி மூன்று இலக்கம், இரண்டையும் மறைத்துவிட்டு இரண்டு கேள்வி எழுதிக் கொடுத்தேன்.

முதல் கேள்வி: “பூச்சி தந்தது, ஆனால் பூச்சியை அரைக்கவில்லை. மிட்டாய்க்கும் மினுமினுப்பு, மர பீரோவுக்கும் மினுமினுப்பு.”

பையன் ‘பூச்சி’ வரை படித்துவிட்டு 120 என்று போட்டான். அது சிவப்புச் சாயம். கள்ளிச்செடியில் ஒட்டி வாழும் காக்கினியல் பூச்சியைக் காயவைத்து அரைத்து எடுப்பது. (நம் பக்கம் சப்பாத்திக்கள்ளி காடாக மண்டிக் கிடந்ததாம். அதை ஒழிக்க 1926 வாக்கில் இலங்கையிலிருந்து கொண்டுவந்து விட்டது இந்தப் பூச்சியின் ஒன்றுவிட்ட தங்கையைத்தான்.) போன் அவனை நேரே தெற்கே இழுத்துப் போய்க் கடற்கரையில் நிறுத்திவிட்டது. அலையில் கால் நனைய நின்று கொண்டு, முசல் தீவு இருக்கிற திக்கைக் காட்டி, “தண்ணிக்குள்ளயா வச்சீங்க?” என்கிறான். நான் மறைத்தது கலையில் (ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு) புள்ளிக்குப் பின்னால் வரும் மூன்று இலக்கம். அட்சரேகையில் ஒரு கலைக்கு ஒரு கடல் மைல், அதாவது 1.85 கிலோமீட்டர். 904க்குப் பதில் 120 என்றால் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளிப் போகும். தப்பு செய்தால் தண்ணீருக்குள் விழ வேண்டும், புதிர் என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.

திரும்பி வந்து மறுபடி படித்தான். அரக்கு, எண் 904. மரக்கிளையில் அரக்குப்பூச்சி சுரந்து வைக்கும் பிசின். “பாண்டவங்களை வச்சுக் கொளுத்தப் பார்த்தாங்களே, அந்த அரக்கு மாளிகையையா நான் தினமும் நக்கிக்கிட்டு இருக்கேன்?” என்றான். அதற்கப்புறம் இரண்டு நாள் மினுங்குகிற மிட்டாயைத் தொடவில்லை. மூன்றாம் நாள் தொட்டான்.

இரண்டாவது கேள்வியில்தான் பஞ்சாயத்து. “நம் கடலில் விளைந்தேன். எலும்பு இல்லை, தோல் இல்லை, ஆனாலும் மிட்டாயை உறைய வைப்பேன்.”

நான் நினைத்தது 407, கராஜீனன். பாக் ஜலசந்திப் பக்கம் மூங்கில் தெப்பத்தில் கட்டி வளர்க்கிறார்களே, நாற்பத்தைந்து நாளில் அறுக்கிற பாசி, அதிலிருந்து எடுப்பது. பெப்சி கம்பெனி கொண்டுவந்ததால் இன்னமும் பெப்சி பாசி என்றுதான் சொல்கிறார்கள். பையன் போனில் தேடவில்லை. நேரே ரோட்டோரம் பாசி காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு அக்காவிடம் போய்க் குந்திவிட்டான். அவர் விரலெல்லாம் துணி சுற்றின தழும்பு. கண்ணாடி மாட்டி, காலில் அலுமினியத் தகடு கட்டி, மூச்சைப் பிடித்து முங்கிப் பாறையிலிருந்து பிய்த்து எடுப்பதைச் சொல்லியிருக்கிறார். மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப்பாசி இரண்டிலிருந்தும்தான் ஜெல்லி சாமான் வருகிறது என்றும் சொல்லியிருக்கிறார். அது அகர் அகர், எண் 406. பையன் 406 போட்டான்.

நான் தப்பு என்று சொல்லக் காத்திருந்தேன். ஆனால் அவன் டப்பாவோடு வந்து நிற்கிறான்! கடைசி இலக்கத்தில் ஒன்று கூடினால் குறைந்தால் இரண்டு மீட்டர் கூட நகராது. பனைக்கடியில் போனே நாலைந்து மீட்டர் பிசகும். கணக்கை அத்தனை அழகாகப் போட்ட எனக்கு இது தோன்றவே இல்லை.

“விடை தப்பு, கண்டுபிடித்தது செல்லாது” என்றேன். “406ம் நம்ம கடல்தானே தாத்தா? அதுலயும் எலும்பு இல்லையே?” என்றான். வாயடைத்துப் போனேன். அப்போதுதான் உங்க உம்மா ஞாபகம். நோன்பு திறக்கும் நேரத்தில் பீங்கான் தட்டில் கட்டம் கட்டமாக வெட்டி வைத்த கடல்பாசி, ஒரு பக்கம் ரோஸ், ஒரு பக்கம் பால் வெள்ளை. நான் பாதித் தட்டைக் காலி செய்வேன், நீ முறைப்பாய். அதே 406. ஜெலட்டின் மிட்டாய் நம் வெயிலில் கூழாகிவிடும், அது எலும்பிலும் தோலிலும் காய்ச்சியது. உம்மாவின் கடல்பாசி மே மாதத்திலும் மூலை கலையாமல் நிற்கும். எண்பது டிகிரிக்கு மேல் போனால்தான் அது இளகுமாம். இத்தனை வருஷம் தின்றுவிட்டு, கேள்வி எழுதும்போது எனக்குப் பெப்சி பாசிதான் ஞாபகம் வந்தது பார்.

நீ தீர்ப்பு சொல். பையனுக்கு அனுப்பிவிடுகிறேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். முதல் நாள் டப்பாவுக்குள் பரிசாகக் கீழக்கரைத் தொதல் அல்வா வைத்திருந்தேன். விடிந்து போய்ப் பார்த்தால் பனையின் தூரெல்லாம் கட்டெறும்பு. சாப்பிடும் பொருள் வைக்கக் கூடாது என்பதும் விதியாம். அந்த அல்மர் வாளியிலேயே பீன்ஸ் டின் வைத்திருந்தாராமே என்றேன், அது டின், இது தொதல் என்றுவிட்டான். தொதலைத் தட்டித் துடைத்து நானே தின்றேன். இப்போது உள்ளே ஒரு நாற்பது பக்க நோட்டு, ஒரு பென்சில், ஏழு சோழி.

உம்மா பாசியின் கவிச்சி வாடையை எப்படிப் போக்குவார்கள் என்று உன் அக்காவிடம் கேட்டு எழுது. மொட்டைமாடியில் நல்ல தண்ணீர் தெளித்துத் தெளித்துக் காயவைத்தது ஞாபகம் இருக்கிறது. எத்தனை நாள் என்பது ஞாபகமில்லை. ரோட்டோரம் பாசி காயப்போட்ட அந்த அக்கா அரைக்கிலோ கொடுத்திருக்கிறார், சாக்கில் கிடந்து மணக்கிறது.

டப்பா தோப்பில்தான் இருக்கிறது. நோட்டில் முதல் வரி பேரன் பெயர், பக்கத்தில் பெரிசாக 406 என்று எழுதி இரண்டு கோடு போட்டிருக்கிறான். இரண்டாம் வரி காலி. முட்டி சரியானதும் வா. பென்சில் முனை ஒடிந்து கிடக்கிறது, வரும்போது ஒரு பேனா எடுத்துக்கொண்டு வா.

அன்புடன்,
உன் மச்சான்