கட்டையன் மூட்டை தூக்க மாட்டானாம்

அன்புள்ள மச்சான்,

கடிதம் கிடைத்தது. இங்கே கச்சான் காற்று தொடங்கிவிட்டது. பத்து மணிக்கு மேல் உப்புவெளி மணலில் வெறுங்காலை வைக்க முடியாது. அம்மாவின் முழங்கால் நோவு கொஞ்சம் குறைவு.

சரி, நீ பிடித்துத் தள்ளிவிட்ட அந்த ரிம்வேர்ல்ட், ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுத்து ஒரு ஊரை நடத்தும் விளையாட்டு. மகன் கம்பியூட்டரில் போட்டுத் தந்தான். விழுந்த விண்கப்பலிலிருந்து மூன்று பேர் வருகிறார்களே, அதில் ஒருவனுக்கு உன் பட்டப்பெயரை வைத்தேன். கட்டையனைத் திறந்து பார்த்தால் சுமப்பதும் குப்பை கூட்டுவதும் அவனுக்கு முடியாத வேலைகளாம், எண் போடக் கட்டமே இல்லை! விடுதியில் சாப்பிட்ட கோப்பையை எடுத்து வைக்காத ஆள் நீ. எப்படித்தான் கண்டுபிடித்தார்களோ.

யார் எந்த வேலையைச் செய்வது என்று குறிக்கும் பட்டியலில் முதலில் வெறும் சரி அடையாளம்தான் இருந்தது. எண் போடும் முறைக்கு மாற்றினால் 1 முதல் 4 வரை கொடுக்கலாம், 1 தான் முதலிடம். எனக்கு எல்லாமே அவசரமாகப் பட்டது, எல்லோருக்கும் எல்லாவற்றுக்கும் 1 போட்டேன். நெல் விளைந்தது, வெட்டினார்கள், வயலிலேயே போட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போனார்கள். மழையில் கிடந்து பாதி நாசம். எண் ஒன்றாக இருந்தால் பட்டியலில் இடப்பக்கம் உள்ள வேலையைத்தான் முதலில் எடுப்பார்களாம். சமையல், கட்டுவது, பயிர் எல்லாம் இடப்பக்கம். சுமப்பதும் கூட்டுவதும் ஆராய்ச்சியும் வலப்பக்கக் கடைசி. முடிவில்லாமல் ஏதாவது கட்டிக்கொண்டிருந்தால் மூட்டை எப்போது தூக்குவது?

நேற்று விடிய கரைவலை இழுப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இருபக்கமும் ஆட்கள் கயிற்றை இழுக்க, ஒரு சின்னப் பையன் பின்னால் இருந்து வந்த கயிற்றைச் சுற்றி அடுக்கினான். அவன் நாயோடு விளையாடப் போனான், கயிறு சிக்குப்பட்டு எல்லோரும் நிற்க வேண்டியதாயிற்று. வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி ஏசிய ஏச்சை எழுத முடியாது. எனக்கு உடனே வயலில் கிடந்த நெல்தான் ஞாபகம்.

வீட்டுக்கு வந்து எல்லா எண்ணையும் அழித்தேன். தீயணைப்புக்கும் நோயாளியாய்ப் படுப்பதற்கும் மட்டும் எல்லோருக்கும் 1. சமையல் ஒருத்திக்கு மட்டும், பழகாதவன் சமைத்தால் உணவு நஞ்சாகி ஊரே வாந்தி எடுக்கிறது. மூன்றாமவனுக்குச் சுமப்பது 1. கட்டையனுக்கு ஆராய்ச்சி, அதில் இரண்டு தீச்சுடர் வைத்திருக்கிறான், ஆர்வத்தைக் காட்டும் அடையாளம் அது. சுடர் இல்லாதவன் 35 சதவீத வேகத்தில்தான் கற்பான், இரண்டு சுடர்க்காரன் 150. இப்போது வைப்பறையில் அரிசி இருக்கிறது.

ஒன்றுதான் இன்னும் சரிவரவில்லை. குசினி அழுக்கானாலும் உணவு கெடும் வாய்ப்பு கூடுகிறது. கூட்டுவதை யாருக்குக் கொடுப்பது? சமைப்பவளுக்கே 2 போட்டால் அவளுக்கு நேரமே கிடைப்பதில்லை. நீ என்ன எண் வைத்திருக்கிறாய்? எழுது மச்சான், நான்காவது ஆள் வந்து சேரும்வரை அரைக்கண்ணில்தான் தூங்குகிறேன்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்