ஃப்ரீலான்ஸர்களுக்கு மென்பொருள் தயாரிப்பவர்களே, எங்கள் கணக்கை முழுதாகத் திருப்பித் தாருங்கள்

வணக்கம்.

இன்வாய்ஸ், நேரக்கணக்கு, செலவுக்கணக்கு என்று தனியாகத் தொழில் செய்வோருக்கு மென்பொருள் விற்கும் உங்கள் எல்லோருக்கும் இந்த மடல். நீங்கள் டாஷ்போர்டையும் டெம்ப்ளேட்டுகளையும் காட்டுகிறீர்கள். நாங்கள் முதலில் பார்ப்பது, கணக்கை வெளியே எடுக்க உதவும் எக்ஸ்போர்ட் பொத்தானை. நாளை இந்தக் கருவியை விட்டுப் போக நேர்ந்தால், அதுவரை போட்ட கணக்கு முழுவதும் கைக்கு வருமா என்பதுதான் எங்கள் கேள்வி.

இது வீண் பயமில்லை. வுண்டர்லிஸ்ட் என்ற பணிப்பட்டியல் செயலியை மைக்ரோசாஃப்ட் 2015-இல் வாங்கி 2020 மே மாதம் மூடியது. பல தளங்களின் புதிய பதிவுகளை ஒரே இடத்தில் படிக்க உதவிய கூகுள் ரீடர் 2013 ஜூலையில் நின்றது. ஆனால் ரீடரில் இருந்தவர்கள் தங்கள் சந்தாப் பட்டியலை ஓபிஎம்எல் என்ற பொது வடிவக் கோப்பாக எடுத்துக்கொண்டு வேறு செயலிக்குப் போக முடிந்தது. அந்த வடிவத்தை மற்ற செயலிகளும் படித்தன.

உங்கள் எக்ஸ்போர்ட்டில் என்ன வருகிறது? பல கருவிகளில் ஓர் இன்வாய்ஸுக்கு ஒரே வரிசை: எண், தேதி, வாடிக்கையாளர் பெயர், மொத்தத் தொகை. உள்ளே எழுதியிருந்த வேலைகள், ஒவ்வொன்றின் அளவு, விலை, வரி விகிதம் எதுவும் இருக்காது. பாதிப் பணம் எந்தத் தேதியில் வந்தது, அயல்நாட்டு நாணயத்தில் போட்ட பில்லுக்கு அன்றைய மாற்று விகிதம் என்ன என்பதும் இருக்காது. கணக்காளர் கேட்பதோ இவற்றைத்தான். மூன்று கோப்புகள் தாருங்கள்: இன்வாய்ஸ்கள், அவற்றின் உள்ளே எழுதிய வேலைகள், பணவரவுகள். மூன்றிலும் இன்வாய்ஸ் எண் இருந்தால் போதும், மீண்டும் கோத்துக்கொள்ளலாம். ரத்து செய்த இன்வாய்ஸ்களும் அந்தக் குறிப்போடு அதில் இருக்க வேண்டும். இல்லையென்றால் எண்வரிசையில் ஓட்டை விழும், தணிக்கையில் அதற்கு நாங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

கோப்பின் வடிவத்திலும் கவனம் வேண்டும். சிஎஸ்வியை (காற்புள்ளியால் பிரித்த எளிய உரைக்கோப்பு) யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டு முறையில் எழுதி, தொடக்கத்தில் அந்த முறையை அடையாளம் காட்டும் பிஓஎம் குறியைச் சேருங்கள். அது இல்லாத கோப்பை எக்ஸெலில் நேராகத் திறந்தால் தமிழ்ப் பெயர்கள் சிதைந்த குறிகளாகத் தெரிவது வழக்கம். தேதியை 2024-03-04 என்று எழுதுங்கள். 03/04/2024 என்றிருந்தால் அது மார்ச் 4-ஆ, ஏப்ரல் 3-ஆ என்று கோப்பை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. எக்ஸெல் ஓர் எண்ணில் 15 இலக்கங்களைத்தான் காப்பாற்றும். 16 இலக்கக் கணக்கு எண்ணின் கடைசி இலக்கம் 0 ஆகிவிடும். 0042 என்ற இன்வாய்ஸ் எண் வெறும் 42 ஆகும். அதனால் இந்த நெடுவரிசைகளை உரை என்று குறித்த எக்ஸ்எல்எஸ்எக்ஸ் (எக்ஸெலின் சொந்த வடிவம்) கோப்பையும் கூடவே தாருங்கள்.

நேரக்கணக்கில் 20 நிமிடத்தை 0.33 மணி என்று எழுதுகிறீர்கள். அப்படி மூன்று பதிவுகளைக் கூட்டினால் ஒரு மணி நேரம் 0.99 ஆகிறது. நிமிடங்களை அப்படியே தனி நெடுவரிசையில் கொடுங்கள்.

வரித்தொகையை எந்தக் கட்டத்தில் இரண்டு தசம இடங்களுக்கு முழுமையாக்குகிறீர்கள் (ரவுண்டிங்) என்பதையும் வெளிப்படையாகச் சொல்லுங்கள். தலா 10.05 விலையுள்ள மூன்று வேலைகளுக்கு 5% வரி என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனியாக வரி கணக்கிட்டால் 0.50 வீதம் 1.50. மொத்தம் 30.15-க்குக் கணக்கிட்டால் 1.51. இரண்டுமே நடைமுறையில் உள்ள முறைகள்தான். ஆனால் பழைய கருவி ஒன்றையும் புதிய கருவி மற்றொன்றையும் பின்பற்றினால், ஏற்கெனவே அனுப்பிய இன்வாய்ஸின் தொகை புதிய இடத்தில் மாறிவிடும். வெளியிலிருந்து கொண்டுவரும் இன்வாய்ஸில் வரியை மறுபடி கணக்கிடாதீர்கள்; இருக்கும் தொகையை அப்படியே ஏற்றுக்கொள்ளுங்கள். இன்வாய்ஸின் தொடக்க எண்ணை நாங்களே வைக்கவும் இடம் வேண்டும். எல்லோரையும் 1-இலிருந்து ஆரம்பிக்க வைத்தால் பழைய எண்களே திரும்ப வரும்.

தேர்ந்தெடுக்கும் முன் நாங்கள் செய்யும் சோதனை சிறியது. இரண்டு வரி விகிதம் உள்ளது, பாதி மட்டும் பணம் வந்தது, வேறு நாணயத்தில் போட்டது, ரத்து செய்தது என நான்கு இன்வாய்ஸ்கள் போட்டு, எக்ஸ்போர்ட் செய்து, லிப்ரெஆஃபீஸ் என்ற இலவச அலுவலக மென்பொருளில் திறந்து திரையோடு ஒப்பிடுவோம். கட்டணத் திட்டத்தில்தான் எக்ஸ்போர்ட் என்று பூட்டி வைத்தால் இந்தச் சோதனையைச் செய்ய முடியாது. இலவசச் சோதனைக்காலத்திலேயே அதைத் திறந்துவிடுங்கள்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆரின் 20-ஆம் பிரிவு, ஒருவர் கொடுத்த தனிப்பட்ட தரவைக் கணினி படிக்கும் வடிவில் திரும்பப் பெறும் உரிமையை 2018 மே முதல் தருகிறது. தொழில் கணக்கு முழுவதும் அதில் அடங்குமா என்ற வாதம் இங்கே தேவையில்லை. சட்டம் வற்புறுத்தும் வரை நீங்கள் காத்திருக்க வேண்டியதுமில்லை.

சந்தா நின்ற மறுநாளே கணக்கைப் பூட்டாதீர்கள். வரிக்கான பதிவுகளைப் பல ஆண்டுகள் வைத்திருக்கச் சட்டங்கள் கேட்கின்றன. அந்தக் காலம் நாட்டுக்கு நாடு மாறும். புதிதாக எதுவும் சேர்க்க முடியாவிட்டாலும் பரவாயில்லை, படிக்கவும் தரவிறக்கவும் அனுமதி இருக்கட்டும். சேவையையே மூடுவதாக இருந்தால், நடப்பு நிதியாண்டின் கணக்கைத் தாக்கல் செய்து முடிக்கும் வரையாவது அந்த அனுமதி நீடிக்க வேண்டும். இதை உதவிப் பக்கத்தின் மூலையில் போடாமல், விலைப் பட்டியலின் பக்கத்திலேயே எழுதி வையுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் கருவிகளில் தொழில் நடத்தும் ஃப்ரீலான்ஸர்கள்