மண்ணுக்கும் வெயிலுக்கும் சம்பந்தம் இல்லையா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு உங்கள் இதழில் வெயிலைப் பற்றிய கட்டுரை. 'வெப்பமெல்லாம் கடலிலிருந்து வருவது. தோட்டத்து மண்ணுக்கும் வானிலைக்கும் சம்பந்தம் கிடையாது' என்று அதில் ஒரு வரி. படித்ததிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை.

பசிபிக் கடல்நீர் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோவை நான் மறுக்கவில்லை. 1998 ஏப்ரலில் நம் மலேசியாவின் பெர்லிஸ் மாநிலத்துச் சுப்பிங்கில் 40.1 பாகை செல்சியஸ் பதிவானது எல் நினோ காலத்தில்தான். ஆனால் 'சம்பந்தம் கிடையாது' என்று எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது? பருவநிலையைக் கணினியில் கணக்கிட முன்னோடியாக இருந்த சியுகுரோ மனாபே, 1969-லேயே மண் ஈரத்தைத் தன் கணினி மாதிரியில் சேர்த்துவிட்டார். நிலத்தை 15 சென்டிமீட்டர் நீர் கொள்ளும் வாளியாக வைத்துக்கொண்டார். மழை பெய்தால் நிறையும், மிஞ்சினால் வழிந்தோடும், வற்ற வற்ற ஆவியாவது குறையும். 2021-ல் இயற்பியல் நோபல் பெற்றவர் அவர். 1982-ல் பருவநிலை ஆய்வாளர்கள் சுக்லாவும் மின்ட்ஸும் அப்படியொரு மாதிரியில் நிலம் முழுக்க ஈரமாக இருந்தால் என்ன, முழுக்கக் காய்ந்திருந்தால் என்ன என்று இரண்டு விதமாகக் கணக்குப் போட்டார்கள். காய்ந்த நிலத்தில் சூடு பல பாகை ஏறியது, பல பகுதிகளில் மழையும் வெகுவாகக் குறைந்தது. சுக்லா உத்தரப் பிரதேசத்துக் கிராமத்தில் பிறந்தவர். இதெல்லாம் ஆசிரியருக்குத் தெரியாததா?

ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரத் தேவைப்படுவதைப்போல் ஏழெட்டு மடங்கு வெப்பம், அதை ஆவியாக்கத் தேவை. மரமும் ஈரமண்ணும் அந்த வெப்பத்தை வாங்கிக்கொள்கின்றன. இரண்டும் இல்லாவிட்டால் அது காற்றைத்தான் சுட வைக்கும்.

என் அம்மா தோட்டத்தில் ரப்பர் மரம் சீவிப் பால் வெட்டியவர். விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு போவார். வெயில் ஏறினால் மரம் நீரை இலைக்கு இழுத்துவிடும், உள்ளே அழுத்தம் குறையும், மரத்தில் கட்டிய மங்கில், அதாவது கிண்ணத்தில், பால் சொட்டுவது நின்றுபோகும். படிக்காத அந்த அம்மாவுக்கு மரமும் வெயிலும் தண்ணீரும் ஒரே கணக்கு.

இப்போது எங்கள் ஊருக்குப் பின்னால் செம்பனை (எண்ணெய்ப் பனை) மறுநடவு. பழைய மரங்களைச் சாய்த்துவிட்டார்கள். மதியம் அந்த மொட்டை மண்ணில் கை வைக்க முடியாது. அங்கிருந்து வீசும் காற்று எங்கள் தாமான் (குடியிருப்பு) வீடுகளுக்குள் அனலாக வருகிறது. உலகப் பருவநிலை மாதிரியில் பூமியைக் கட்டம் கட்டமாகப் பிரிப்பார்கள், ஒரு கட்டம் நூறு கிலோமீட்டர் அளவுக்கு இருக்கும், அதில் எங்கள் தோட்டம் தனியாகத் தெரியாது. சரி. அதற்காக மண்ணே கணக்கில் இல்லை என்று ஆகிவிடுமா?

இது முதல் தடவையும் இல்லை. அறிவியல் பக்கத்தை எடுத்துவிட்டு ராசிபலனை இரட்டிப்பாக்கினீர்கள், பொறுத்துக்கொண்டோம். வறட்சிச் செய்திக்கு எந்த நாட்டுப் பாலைவனத்தையோ படமாகப் போட்டீர்கள். மறுநடவு பற்றி நான் எழுதிய கடிதத்தில் முக்கியமான பத்தியை வெட்டிவிட்டு வாழ்த்தை மட்டும் வைத்திருந்தீர்கள். தோட்டத்து ஆட்கள் என்றால் கோயில் உடைப்புக்கும் குடிக்கும்தான் செய்தியில் இடம். எங்களுக்கும் ஏதாவது தெரியும் என்று உங்களுக்குத் தோன்றவே இல்லையா? பெற்றவர்கள் காலத்திலிருந்து உங்கள் இதழை வாங்கும் குடும்பம் ஐயா, அதனால்தான் இவ்வளவு வலிக்கிறது.

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. வரும் ஞாயிறு இரண்டாம் பக்கத்தில் அந்த வரிக்கு ஒரு திருத்தம் போடுங்கள். முடிந்தால், முன்பு வெளியிட்டு வந்த மாவட்ட மழை அளவுப் பட்டியலையும் மறுபடி கொண்டுவாருங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை,
சுங்கை சிப்புட், பேராக்