லேக் வியூ ரோட்டில் ஏரி எங்கே?

அன்புள்ள சேகருக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. முழங்கால் வலி தேவலையா? எனக்குக் கண்புரை ஆபரேஷன் முடிந்து, இப்போது கடைப் பலகைகளையெல்லாம் எழுத்துக்கூட்டாமல் படிக்கிறேன். அந்த உற்சாகத்தில் போன வாரம் மேற்கு மாம்பலம் போய், நாம் அறை எடுத்துத் தங்கிய பக்கமெல்லாம் ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன்.

லேக் வியூ ரோடு ஞாபகம் இருக்கிறதா? "ஏரி எங்கேடா?" என்று வந்த முதல் நாளே கேட்டாய். நான் தண்ணி லாரியைக் காட்டினேன். ஏரி நிஜமாகவே இருந்திருக்கிறது, சேகர். நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரை நீண்டு கிடந்ததால் வெள்ளைக்காரர்கள் அதை 'லாங் டேங்க்' என்றார்கள். நம் மாம்பலம் ரயில் பாதை அதன் மேற்குக் கரையை ஒட்டித்தான் போனது. 1920களில், நீதிக்கட்சி ஆட்சியில், ஊருக்கு வீட்டுமனை போதவில்லை என்று ஏரியை வடித்து நகராக்கிவிட்டார்கள்.

1925இல் காலமான பிட்டி தியாகராயர் பெயரை நகருக்கே வைத்தார்கள். பூங்காவுக்கு முதல்வராக இருந்த பனகல் அரசர், பெரிய சாலைக்கு முகமது உஸ்மான். கட்சியின் வருகைப் பதிவேட்டைப் பிரித்து வைத்த மாதிரி இருக்கிறது தி.நகர். பாண்டி பஜாரில் இருப்பதும் பாண்டிச்சேரி இல்லை, டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியனார். இதற்கு ஒரு டீ பந்தயம் கட்டித் தோற்றவன் நீ. அந்த டீ இன்னும் வரவில்லை.

ஆனால் எனக்குப் பிடித்தவை தலைவர்கள் பெயர் இல்லை. யாரும் மாற்ற மறந்துபோன பெயர்கள்தான். நுங்கம்பாக்கத்தில் லேக் ஏரியா, டேங்க் பண்ட் ரோடு என்று இன்னும் இருக்கின்றன. கரை என்று பெயர். ஏறி நின்று பார்த்தால் கார்கள்தான் தெரிகின்றன.

அந்த ஐப்பசி மழையில் உன் ரப்பர் செருப்பு கட்டிலடியிலிருந்து மிதந்து வாசலுக்குப் போனதே! விடிய விடிய வாளியில் மொண்டு ஊற்றினோம். வீட்டுக்காரர் சாக்கடை அடைப்பு என்று சாதித்தார். நாமும் நம்பினோம்.

அப்புறம், என் மகன் அதே பக்கத்தில் தரைத்தளத்தில் ஒரு வீடு பார்த்திருக்கிறான். "பேரே லேக் வியூ சார்" என்று புரோக்கர் பெருமையாகச் சொன்னாராம். இரண்டாவது மாடிக்குக் கீழே எதையும் பார்க்காதே என்று சொல்லிவிட்டேன்.

பொங்கலுக்கு வருவாய் அல்லவா? டீக்குக் காசு எடுத்து வா.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்