சென்டர் ஸ்டாண்ட் இல்லாதவர்கள் எப்படித் தூக்குவது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இருசக்கர வாகனப் பராமரிப்பு பற்றி உங்கள் நாளிதழில் வந்த குறிப்பைப் படித்தேன். 'வண்டியை சென்டர் ஸ்டாண்டில் நிறுத்திக்கொண்டு செயினைத் துடையுங்கள்' என்றுதான் ஆரம்பிக்கிறது. அந்த ஸ்டாண்டே இல்லாதவர்களுக்கும் இரண்டு வரி எழுதியிருக்கலாம்.

நான் கிருஷ்ணகிரி பழையபேட்டையிலிருந்து காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு மாம்பழக்கூழ் ஆலைக்குக் கணக்கு வேலைக்குப் போகிறேன். போகவர 20 கிலோமீட்டருக்கு மேல். அண்ணன் வெளிநாடு போனபோது விட்டுப்போன 150 சிசி பைக்தான் என் வண்டி. என் உயரம் 4 அடி 10 அங்குலம். சிக்னலில் நின்றால் கட்டைவிரல் நுனி மட்டும் தரையைத் தொடும். மெக்கானிக் ஒருவர் பின்னால் குட்டை ஷாக் அப்சார்பர் மாட்டி, முன்பக்க ஃபோர்க் குழாய்களை மேலே ஏற்றி இறுக்கி, 2 அங்குலம் இறக்கிக் கொடுத்தார். இரண்டு பாதமும் தரையில் பதிந்த சந்தோஷத்தில் வேறு எதையும் நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

வண்டி இறங்கியது, சென்டர் ஸ்டாண்டின் கால் இறங்கவில்லை. அதில் ஏற்ற வேண்டுமானால் முன்பைவிட 2 அங்குலம் கூடுதலாகத் தூக்க வேண்டும். வேகத்தடைகளில் வேறு உரசியது. 'இது எதுக்கும்மா உனக்கு' என்று அவரே கழற்றி, ஒரு சாக்கில் போட்டுக் கொடுத்துவிட்டார். சைடு ஸ்டாண்டும் நீளமாகிப் போனதால் வண்டி சாயாமல் நெட்டுக்குத்தாக நின்று, ஒரு நாள் வங்கி வாசலில் வலப்பக்கம் விழுந்தது. அதை வெல்டிங் பட்டறையில் குறைத்தாயிற்று. செயின் பிரச்சினைதான் மிச்சம்.

பெங்களூரா மாங்காய் லோடு வருகிற மாதங்களில் ஆலை வாசல் முழுக்கச் சாறும் மண்ணும். செயினில் கருப்புக் களிம்பு அப்பிக்கொள்ளும். 500 கிலோமீட்டருக்கு ஒரு முறை துடைத்து எண்ணெய் விட வேண்டும் என்பார்கள். எனக்கு அது மாதம் ஒரு முறை. பின்சக்கரத்தைத் தூக்காமல் முழுச் செயினையும் பார்க்க முடியாது.

சித்தப்பாவின் லாரி ஜாக்கியைக் கொண்டு வந்தேன். இறக்கிய நிலையிலேயே கிட்டத்தட்ட ஒரு சாண் உயரம். வண்டிக்கு அடியில் ஸ்கேல் வைத்துப் பார்த்தால் 11 சென்டிமீட்டர்தான். அப்புறம் பழைய காரோடு வந்த, கம்பியால் சுற்றித் தூக்கும் ஜாக்கி. அது மடங்கினால் 10 செ.மீ. ஆனால் அதன் தலையில் காருக்கான பள்ளம் இருக்கிறது. மேலே மரக்கட்டை வைக்காவிட்டால் வண்டியின் அடியில் இருக்கும் பிரேம் குழாயில் நிற்காது. கட்டையோடு சேர்த்து 12.5. ஒன்றரை சென்டிமீட்டர் இடிக்கிறது! வண்டியைச் சாய்த்துப் பிடித்து உள்ளே தள்ளச் சொன்னார் பக்கத்து வீட்டுக்காரர். தள்ளினோம். ஜாக்கி கோணலாகச் சரிந்து என் சுண்டுவிரல் நகம் போனது.

வழி எளிதாகத்தான் இருந்தது: ஜாக்கியைக் குட்டையாக்க முடியாது, வண்டியை உயரமாக்கலாம். மரம் அறுக்கும் மில்லில் 4 செ.மீ. கனத்தில் புளியம்பலகை மூன்று வாங்கி, முனைகளைச் சரிவாகச் சீவினேன். இரண்டு சக்கரத்தையும் பலகைமேல் உருட்டி ஏற்றி, மூன்றாவதை சைடு ஸ்டாண்டுக்கு அடியில் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் வண்டி மேலும் சாயும். இப்போது அடியில் 15 செ.மீ. ஜாக்கி தாராளமாகப் போகிறது. எஞ்சினுக்கு அடியில் வைக்கக் கூடாது. அது அலுமினியம், ஆயில் போல்ட்டும் அங்கேதான் இருக்கிறது. எஞ்சினுக்குச் சற்றுப் பின்னால், இரண்டு பிரேம் குழாய்களையும் தாங்கும்படி கட்டையைக் குறுக்கே கொடுக்கிறேன்.

எங்கள் ஊரில் எந்த வீட்டு ஷெட்டைப் பார்த்தாலும் ஒரு கிரானைட் துண்டு கிடக்கும். அதைத்தான் ஜாக்கிக்கு அடியில் முதலில் போட்டேன், பளபளப்பான பக்கம் மேலே. இரண்டு சுற்றிலேயே ஜாக்கி வழுக்கியது. இப்போது சொரசொரப்பான பக்கத்தை மேலே திருப்பிப் போடுகிறேன். முன் பிரேக்கைப் பழைய சைக்கிள் டியூபால் இறுக்கிக் கட்டிவிடுவேன். ஜாக்கி ஏற ஏற சைடு ஸ்டாண்ட் பலகையை விட்டு எழும்பிவிடும், 150 கிலோ பக்கம் வரும் வண்டி ஒரு சின்னக் கட்டையில் நிற்கும். அதனால் ஊஞ்சல் கொக்கியிலிருந்து கயிறு இறக்கி சீட் கம்பியில் கட்டி, கூடவே அம்மாவையும் பிடிக்கச் சொல்கிறேன். சக்கரம் ஒரு விரற்கடை எழும்பினால் போதும். கியரை நியூட்ரலில் போட்டு, கையால் சுற்றித் துடைக்கலாம். எஞ்சினை ஓடவிட்டுத் துடைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். செயினுக்கும் பல்சக்கரத்துக்கும் நடுவில் விரல் போனால் திரும்பி வராது.

வண்டியின் அமைப்பைக் கம்பெனி கொடுத்ததிலிருந்து மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு கட்டுப்படுத்துகிறது என்பதே எனக்குப் பிறகுதான் தெரிந்தது. முதலில் சீட்டுக்குள் இருக்கும் ஃபோமைக் குறைத்துப் பார்த்திருக்க வேண்டும். ஸ்டாண்டுக்கும் ஜாக்கிக்கும் இத்தனை பாடு இருந்திருக்காது. இதை மெக்கானிக் கையில் ஸ்பானரை எடுப்பதற்கு முன்னாலேயே சொல்லலாமே. அடுத்த குறிப்பு எழுதுகிறவர் குட்டையானவர்களையும் கொஞ்சம் நினைத்துக்கொண்டு, இறக்கிய வண்டிக்கு ஸ்டாண்டை எப்படிக் குறைப்பது என்றும் எழுதினால் நல்லது. என்னுடையது இன்னும் அந்தச் சாக்கில்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பழையபேட்டை, கிருஷ்ணகிரி.