சங்காயம் கோழிக்கு, சத்துமாவு பிள்ளைக்கு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வளரும் நாடுகளில் குழந்தைகளின் ஊட்டச்சத்துக் குறைபாடு பற்றித் தாங்கள் வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். விவரமாகவே எழுதியிருந்தார்கள். ஆனால் கூடவே போட்டிருந்த படம்தான் எனக்கு ஒட்டவில்லை. விலா எலும்பு துருத்திய அந்த ஆப்பிரிக்கக் குழந்தையைப் பார்த்ததும் எங்கள் ஊர்த் தாய்மார், "நம்ம பிள்ளை இப்படியா இருக்கு?" என்று பக்கத்தைப் புரட்டிவிடுவார்கள்.

மண்டபம் பக்கத்து மீனவக் கிராமங்களில் அங்கன்வாடிப் பணியாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். எங்கள் கரையில் இந்தக் குறைபாடு முகத்தில் தெரியாது. மூன்று வயதுப் பிள்ளை இரண்டு வயது உயரத்தில் நிற்கும். சிரிக்கும், ஓடும். அப்பன் குட்டை, அதான் பிள்ளையும் குட்டை என்று பேச்சை முடித்துவிடுவார்கள். கொஞ்சம் கூடுதலாக மெலிந்தால், சவலை பாய்ந்துவிட்டது, தேரை விழுந்துவிட்டது என்று மந்திரிக்கத் தூக்கிப் போவார்கள்.

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்கு 25 பேருக்கு வயதுக்கேற்ற உயரம் இல்லை. இந்திய அளவில் இது 35.5 என்பதால் நாம் தேவலை என்று சொல்லிக்கொள்ளலாம். இரத்தசோகையில் அதுவும் முடியாது. முந்தைய ஆய்வில் 50.7 சதவீதமாக இருந்தது, இந்த ஆய்வில் 57.4 ஆக ஏறிவிட்டது. 1956-ல் காமராஜர், 1982-ல் எம்.ஜி.ஆர்., 2022-ல் காலை உணவு என்று பள்ளிக்கூடப் பிள்ளைக்கு வேளாவேளைக்குச் சோறு போட வழி செய்துவிட்டோம். சந்தோஷம். ஆனால் பிள்ளையின் வளர்ச்சி தடைபடுவது அதற்கு ரொம்ப முன்னாலேயே, தாய்ப்பால் மட்டும் போதாமல் போகிற ஆறாம் மாதத்திலிருந்து இரண்டு வயதுக்குள். அந்த வயதுப் பிள்ளை பால்வாடியில் உட்கார்ந்து சாப்பிடாது. சத்துமாவுப் பாக்கெட் வீட்டுக்குப் போகும். அங்கே அதை அண்ணனும் அக்காளும் பங்கு போட்டுக்கொள்வார்கள். சில வீடுகளில் ஆட்டுக்கும் ஒரு பங்கு உண்டு.

தாயைக் குறை சொல்லிப் புண்ணியமில்லை. பாசி எடுக்கப் போகிறவள் விடிகாலையிலேயே கடலில் இறங்கிவிடுவாள். பிள்ளை பாட்டியிடம் இருக்கும். அழுதால் டீயில் நனைத்த பன், இல்லையென்றால் ஐந்து ரூபாய்ப் பாக்கெட். கிணற்றுத் தண்ணீர் உப்பு, விலைக்கு வாங்கிய தண்ணீர் நாள்கணக்கில் டிரம்மில் கிடக்கும். வயிற்றுப்போக்கு வந்தால் தின்றதும் உடம்பில் ஒட்டாது.

சரி, கடலோரத்தில் மீனுக்கா பஞ்சம் என்று கேட்பீர்கள். மீன் இருக்கிறது, ஆனால் இந்த வயதுப் பிள்ளைக்குக் கொடுப்பதில்லை. முள் குத்தும், மாந்தம் வரும் என்ற பயம். விசைப்படகில் வரும் சங்காயமோ, அதாவது விலைபோகாத கழிவுமீனோ, மூட்டை மூட்டையாக லாரி ஏறிக் கோழித்தீவனமாகப் போகிறது. அதைத் தின்ற கோழி போட்ட முட்டைதான் வாரம் மூன்று நாள் எங்கள் பால்வாடிக்குத் திரும்பி வந்ததோ என்னவோ!

சங்காயத்தைப் பிள்ளைக்குக் கொடுங்கள் என்று நான் சொல்லவில்லை. நெத்திலி, காரல், சாளை இருக்கின்றனவே. தலையோடும் முள்ளோடும் காயவைத்து, மாவு போல அரைத்து, சோற்றில் ஒரு கரண்டி கலந்தால் போதும். சுண்ணாம்புச்சத்து, இரும்பு, துத்தநாகம், வைட்டமின் ஏ, பி12 எல்லாம் அதில் இருக்கிறது, முள் பயமும் இல்லை. வங்கதேசத்தில் மோலா என்ற பொடிமீனை வைத்து இதைக் காட்டிய ஊட்டச்சத்து ஆய்வாளர் சகுந்தலா தில்ஸ்டெட்டுக்கு 2021-ல் உலக உணவுப் பரிசே கொடுத்தார்கள். ஒடிசாவின் மயூர்பஞ்ச் மாவட்டத்தில் அங்கன்வாடிப் பிள்ளைகளுக்கு உலர்மீன் பொடி கொடுத்தும் பார்த்திருக்கிறார்கள். கடலே இல்லாத மாவட்டம் அது!

ஆனால் எங்கள் ஊர்க் கருவாட்டை அப்படியே அரைத்துவிட முடியாது. உப்பு அதிகம், மணலில் உலர்த்துகிறார்கள். கைக்குழந்தைக்கு அது ஆகாது. உப்பில்லாமல், தரையில் படாமல் உயரத்தில் வலை கட்டிக் காயவைக்க வேண்டும். மகளிர் குழுக்களுக்குச் சொல்லிக் கொடுத்தால் அருமையாகச் செய்வார்கள். பொடியைச் சோதித்துச் சொல்ல மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தின் மையம் மண்டபத்திலேயே இருக்கிறது. 1947-ல் தொடங்கப்பட்ட அந்த நிலையத்தின் தலைமையகமே பல வருடம் இங்கேதான் இருந்தது.

பணியில் இருந்தபோது ஒரு கூட்டத்தில் இதைச் சொன்னேன். "சைவப் பிள்ளைகள் என்னம்மா செய்யும்?" என்று கேட்டார் அதிகாரி ஒருவர். பள்ளியில் முட்டை வேண்டாம் என்ற பிள்ளைக்கு வாழைப்பழம் கொடுக்கிறோமே, அதே மாதிரி இதற்கும் ஒரு மாற்று வைத்துக்கொள்ளலாம். அதற்காகப் பாம்பனிலும் தங்கச்சிமடத்திலும் மீன் தின்று வளர்கிற பிள்ளைக்கு ஏன் இல்லையென்று சொல்ல வேண்டும்?

மாநிலம் முழுக்க வேண்டாம். மண்டபம் ஒன்றியத்தில் ஆறு மாதம் முதல் இரண்டு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு மட்டும் கொடுத்து, மாதாமாதம் எடையும் உயரமும் பார்க்கட்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுக் கூலிக்காரர் வீட்டில் 8,000 ரூபாய் நிவாரணத்தை வைத்துக்கொண்டு ரசமும் சோறுமாக ஓட்டுகிற நாட்கள் அவை. மார்ச்சுக்குள் மீனைக் காயவைத்துப் பொடித்துவிட்டால், அந்த 61 நாளுக்கும் பால்வாடியில் கையிருப்பு இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அங்கன்வாடிப் பணியாளர்,
மண்டபம், இராமநாதபுரம் மாவட்டம்.