மாணவர் வெளியேறிய மறுநாளும் திறக்கிற கோப்பு: பாடத்திட்டக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பாடத்திட்டக் குழு உறுப்பினர்களுக்கும் துறைத் தலைவர்களுக்கும் வணக்கம்.

நான் ஓர் ஆய்வு மாணவன். துறையின் கணினி லேபில் எது ஓடாவிட்டாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். ஐந்தாறு வருடமாக மாணவர்களின் தோளுக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்துக்கொண்டிருப்பவன் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன்.

முதுநிலை முடித்துப் போன ஒரு மாணவி சில மாதங்களுக்கு முன் லேப்டாப்போடு வந்தாள். "அண்ணா, என் டேட்டா திறக்கவே மாட்டேங்குது. நாளைக்கழிச்சு இன்டர்வியூ, ஆய்வைக் காட்டச் சொல்லியிருக்காங்க" என்றாள். கோப்பைத் தட்டினேன். திரையின் நடுவில் ஒரு சின்னப் பெட்டி: உங்கள் உரிமம் காலாவதியாகிவிட்டது. கீழே 'சரி' என்று ஒரே ஒரு பொத்தான். அதை அழுத்தியதும் மென்பொருள் மூடிக்கொண்டது. நடையாய் நடந்து அவள் நிரப்பி வாங்கிய இருநூற்றுச் சொச்சம் படிவங்களும் அந்தப் பெட்டிக்குப் பின்னால் இருந்தன.

லேபில் ஒரே ஒரு கணினியில் உரிமம் இன்னும் உயிரோடு இருந்தது. அதில் திறந்து, எந்த மென்பொருளிலும் திறக்கும் சிஎஸ்வி என்ற எளிய அட்டவணைக் கோப்பாக மாற்றினோம். எண்கள் வந்துவிட்டன. 1 என்றால் 'ஆம்', 2 என்றால் 'இல்லை' என்று அவள் உள்ளே எழுதி வைத்திருந்த குறிப்புகள் வரவில்லை. கேள்வித்தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு நெடுவரிசையாக மறுபடியும் பெயர் கொடுத்து முடிக்கும்போது இரவு பத்து மணி. அவள் செய்த தவறு என்று எதையும் என்னால் சுட்டிக்காட்ட முடியவில்லை. பாடத்திட்டத்தில் சொன்ன மென்பொருளை, சொன்னபடி பயன்படுத்தியிருந்தாள்.

மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும் கூட்டங்களில் வேலைவாய்ப்புக்கு உதவுமா, மற்ற பல்கலைக்கழகங்கள் எதை வைத்திருக்கின்றன, நிறுவனம் என்ன சலுகை தருகிறது என்றெல்லாம் கேட்கப்படுகிறது. எல்லாம் நியாயமான கேள்விகள். அவற்றோடு இன்னும் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள், முடிந்தால் முதல் கேள்வியாக: மாணவர் இங்கிருந்து வெளியேறிய மறுநாள், அவர் செய்த வேலை அவர் கையில் இருக்குமா?

மாணவர்களுக்கான உரிமம் பெரும்பாலும் சேர்க்கையோடு கட்டப்பட்டது. பெயர் பதிவேட்டிலிருந்து போனால் உரிமமும் போகும். பல்கலைக்கழக மின்னஞ்சலை மூடினால் அதோடு ஒட்டிய மேகச் சேமிப்பும், அதாவது இணையத்தில் கோப்புகளை வைக்கும் இடமும், மூடப்படும். சலுகையைத் தருகிறவரும் மனம் மாறலாம். கல்வி நிறுவனங்களுக்கு வரம்பில்லாமல் தந்துவந்த சேமிப்பிடத்தை நிறுத்தி, ஒரு நிறுவனத்துக்கு அடிப்படையாக 100 டெராபைட் என்று வரம்பு வைப்பதாக 2021-இல் கூகுள் அறிவித்தது. அதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. அது அவர்கள் வியாபாரம். ஆனால் மாணவரின் மூன்று வருட உழைப்பை எங்கே வைப்பது என்று முடிவு செய்கிறவர்கள் நீங்கள்.

மாற்று இல்லையென்றால் புலம்பிப் பயனில்லை. மாற்றுகள் இருக்கின்றன, அவையும் வகுப்பறைக்குள் பிறந்தவை. புள்ளியியலுக்கான ஆர் மொழி, ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாகா, ராபர்ட் ஜென்டில்மேன் என்ற இரண்டு ஆசிரியர்கள் 1990-களின் தொடக்கத்தில் ஆரம்பித்தது. அதன் 1.0 பதிப்பு 2000 பிப்ரவரி 29 அன்று வந்தது. இன்று புள்ளியியல் துறையில் பலர் அதில்தான் புதிய முறைகளை எழுதிப் பார்க்கிறார்கள். கணிதக் கணக்குகளுக்கான மேட்லேப்பும்கூட, மாணவர்கள் ஃபோர்ட்ரான் என்ற பழைய நிரல் மொழியில் எழுதிச் சிரமப்படாமல் அணிகளோடு வேலை செய்யட்டும் என்று கிளீவ் மோலர் எழுதியதில் தொடங்கியதுதான்; பிறகு அது வணிகப் பொருளானது. அதோடு பெருமளவு ஒத்துப்போகிற ஆக்டேவ், வேதிப் பொறியியல் பாடநூல் ஒன்றுக்குத் துணையாகப் பிறந்து இன்றும் யாரும் எடுத்துப் பயன்படுத்தவும் மாற்றவும் கூடிய கட்டற்ற மென்பொருளாகவே இருக்கிறது.

ஆர் கஷ்டம், நம் மாணவர்களுக்கு வராது என்று சொல்வீர்கள். கஷ்டம்தான். முதல் மூன்று வாரம் காற்புள்ளியும் அடைப்புக்குறியும் உயிரை வாங்கும். நிரல் எழுதப் பயப்படுகிறவர்களுக்கு ஜமோவி இருக்கிறது. ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் உருவான ஜாஸ்ப் இருக்கிறது. இரண்டிலும் மெனுவைச் சொடுக்கினால் போதும், உள்ளே கணக்குப் போடுவது ஆர்தான். இரண்டும் இலவசம், இரண்டுக்கும் காலாவதித் தேதி கிடையாது. அப்புறம், ஒரு தொழிலில் எல்லாரும் ஒரே வணிக மென்பொருளைத்தான் கேட்கிறார்கள் என்றால் அதையும் கற்றுக்கொடுங்கள். வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். அது மட்டுமே தெரிந்தவராக யாரையும் அனுப்பாதீர்கள் என்றுதான் கேட்கிறேன்.

எக்செல் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும். ஏனென்றால் அதை எல்லாருக்கும் தெரியும் என்று வைத்துக்கொண்டு யாருமே சொல்லிக்கொடுப்பதில்லை.

2010-இல் கார்மென் ரைன்ஹார்ட், ஹார்வர்டின் கென்னத் ரோகாஃப் என்ற இரண்டு பொருளியலாளர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அரசின் கடன், நாட்டின் மொத்த உற்பத்தியில் 90 சதவீதத்தைத் தாண்டினால் வளர்ச்சி சரிந்துவிடுகிறது என்பது சாரம். பல நாடுகளில் செலவுக் குறைப்பை ஆதரித்தவர்கள் அதை எடுத்துக் காட்டினார்கள். மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக ஆம்ஹர்ஸ்ட் வளாகத்தில் தாமஸ் ஹெர்ண்டன் என்ற மாணவர், வகுப்புப் பயிற்சிக்காக அந்தக் கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்த்தார். விடை ஒத்துவரவில்லை. மூலக் கோப்பைக் கேட்டு வாங்கினார். சராசரி எடுக்கும் சூத்திரம் 49-வது வரிசை வரை போக வேண்டியது, 44-இலேயே நின்றிருந்தது. ஐந்து நாடுகள் கணக்கிலேயே இல்லை. விடுபட்ட வேறு தரவுகளையும் எடை போட்ட விதத்தையும் சேர்த்துச் சரிசெய்து 2013-இல் அவரும் அவருடைய ஆசிரியர்களும் வெளியிட்டபோது, 90 சதவீதத்துக்கு மேல் கடன் உள்ள நாடுகளுக்கு மைனஸ் 0.1 சதவீதம் என்றிருந்த சராசரி வளர்ச்சி 2.2 சதவீதமாக ஆனது.

இந்தக் கதையை ஒவ்வொரு வருடமும் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். ஒரு கட்டத்துக்குள் ஒளிந்திருக்கும் சூத்திரத்தைக் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. அதே கணக்கை ஆரிலோ பைத்தான் என்ற நிரல் மொழியிலோ எழுதியிருந்தால் என்ன செய்தோம் என்பது வரி வரியாக வெளியே தெரியும், ஆய்வு வழிகாட்டியான கைடு படித்துப் பார்க்கலாம், அடுத்த மாணவர் ஓட்டிப் பார்க்கலாம்.

எக்செல்லே வேண்டாம் என்று அர்த்தம் இல்லை. அதோடு பழகும் விதம் தெரிய வேண்டும். 'செப்ட்2' என்ற மரபணுப் பெயரை அது செப்டம்பர் 2 என்று தேதியாக மாற்றிவிடும். இந்தத் தொல்லை பொறுக்காமல் மனித மரபணுக்களுக்குப் பெயர் வைக்கும் குழுவே அந்தப் பெயர்களை மாற்றியது. 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் காரணத்தையும் சொன்னது. அதே வருடம் அக்டோபரில் இங்கிலாந்தில் கிட்டத்தட்ட 16,000 கோவிட் நோயாளிகளின் விவரம் தினசரிக் கணக்கில் சேராமல் போனது. 65,536 வரிசைக்கு மேல் தாங்காத பழைய எக்செல் வடிவத்தில் தரவைக் கொட்டியதுதான் காரணம். இரண்டு மதிய நேரம் ஒதுக்கினால் இதையெல்லாம் மாணவர்களுக்குச் சொல்லிவிடலாம்.

இனி ஆய்வேடு. சமர்ப்பிப்பதற்கு முந்தின இரவு லேபுக்கு வந்து பாருங்கள். இரண்டாம் அத்தியாயத்தில் புதிதாக ஒரு மேற்கோள் சேர்க்கச் சொல்லியிருப்பார் கைடு. அது பதினேழாவது எண். உடனே பழைய பதினேழு பதினெட்டாகும், பதினெட்டு பத்தொன்பதாகும், இப்படியே நூற்று நாற்பது வரைக்கும் ஒருத்தர் வாசிக்க இன்னொருத்தர் கையால் திருத்திக்கொண்டிருப்பார்கள். பக்கத்து மேசையில் பொருளடக்கம் நடக்கும்: தலைப்பைத் தட்டச்சு செய்து, புள்ளி விசையை அழுத்திப் பிடித்துக்கொண்டு வரியின் கடைசிவரை போய், பக்க எண்ணைக் கையால் போடுவார்கள். ஒரு படத்தை நுழைத்தால் எல்லா எண்ணும் தப்பாகும், திரும்ப முதலிலிருந்து.

ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் உருவாகி 2006-இல் வெளிவந்த ஜோட்டெரோ என்ற கட்டற்ற மென்பொருள் இந்த மேற்கோள் வேலையை நொடியில் செய்யும். கட்டுரையின் நிரந்தர அடையாளமான டிஓஐ எண்ணையோ நூலின் ஐஎஸ்பிஎன் எண்ணையோ கொடுத்தால் விவரத்தை அதுவே எடுத்துக்கொள்ளும். வேர்டிலும் லிப்ரே ஆபிஸிலும் எண்களைத் தானே மாற்றும். ஏபிஏ என்ற மேற்கோள் பாணியிலிருந்து ஐஇஇஇ என்ற இன்னொரு பாணிக்கு ஒரு சொடுக்கில் போகலாம். எடுத்துவரும் விவரத்தில் பிழை இருக்கும், அதனால் ஒருமுறை கண்ணால் சரிபார்க்க வேண்டும், அவ்வளவுதான். பொருளடக்கத்துக்குத் தனி மென்பொருள்கூட வேண்டாம். தலைப்புகளுக்குரிய ஸ்டைலைப் பயன்படுத்தத் தெரிந்தால் வேர்டே போட்டுக்கொடுக்கும். இதை யாரும் சொல்லித்தராததால் மாணவர்கள் எத்தனை இரவுகளை இழக்கிறார்கள் என்று நினைத்தால் எனக்கு மனசு ஆறவில்லை.

சாட்பாட்கள் பற்றி ஒரே ஒரு விஷயம். இல்லாத கட்டுரைக்கு ஆசிரியர் பெயரும் வருடமும் போட்டு மேற்கோள் தரும் வழக்கம் அவற்றுக்கு உண்டு. எதற்குப் பயன்படுத்தலாம், எதற்குக் கூடாது என்று பாடவாரியாக எழுதிக் கொடுங்கள். இப்போது ஒவ்வொரு மாணவரும் ஊகித்து நடந்துகொள்கிறார்.

எந்த மென்பொருளையும் முடிவு செய்வதற்கு முன், நான்கு ஜிபி நினைவகம் உள்ள பழைய லேப்டாப் ஒன்றில், இணையத்தைத் துண்டித்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். மாணவர்கள் பலரிடம் இருப்பது அந்த மாதிரி இயந்திரம்தான். தமிழில் ஒரு பத்தி தட்டச்சு செய்து, பிடிஎஃப் ஆக்கி, அதிலிருந்து நகலெடுத்து ஒட்டிப் பாருங்கள், எழுத்து உடைகிறதா என்று தெரிந்துவிடும். அப்புறம் என்விடிஏ என்ற இலவசத் திரைவாசிப்பானைப் போட்டு, மௌஸைத் தொடாமல், மெனுவைக் காதால் கேட்டு மட்டுமே வேலை செய்ய முடிகிறதா என்று பாருங்கள். பார்வையற்ற ஒரு மாணவர் வந்து சேர்ந்த பிறகு இந்தச் சோதனையைச் செய்தால், அவருடைய முதல் செமஸ்டர் அதிலேயே போய்விடும்.

நான் கேட்பவை இவை. முதல் செமஸ்டரில் பன்னிரண்டு மணி நேரம் ஒதுக்கித் தாருங்கள்: மேற்கோள் மேலாண்மை, ஸ்டைல்கள், அட்டவணை ஒழுங்கு, காப்புப் பிரதி. ஒப்படைப்புகளைப் பிடிஎஃப், சிஎஸ்வி, ஓடிஎஃப் போன்ற திறந்த வடிவங்களிலும் ஏற்றுக்கொள்ளுங்கள். கடைசி செமஸ்டரில், கணக்கு மூடப்படுவதற்கு மூன்று மாதம் முன்பே ஒரு கடிதம் அனுப்பி, கோப்புகளை வெளியே எடுப்பது எப்படி என்று விளக்குங்கள். தேர்வுக் குழுவில் இரண்டு மாணவர்களுக்கு இடம் கொடுங்கள், அவர்களில் ஒருவராவது வேகமான கணினி இல்லாதவராக இருக்கட்டும்.

சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை என்று பதில் வரலாம். நானும் இன்னும் நான்கு ஆய்வு மாணவர்களும் இருக்கிறோம். செமஸ்டர் தொடங்குவதற்கு முன் எந்தச் சனிக்கிழமையானாலும் சரி, லேபைத் திறந்து வைத்து, விருப்பமுள்ள ஆசிரியர்களுக்கும் சேர்த்தே ஜோட்டெரோவும் ஜமோவியும் சொல்லிக்கொடுக்கத் தயாராக இருக்கிறோம். தேதியை மட்டும் குறித்துச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
லேபில் கடைசி வரிசைக் கணினியில் உட்கார்ந்திருக்கும் ஆய்வு மாணவன்